உப்புமூட்டை யார் முதுகில்?

குழந்தையை முதுகில் ஏற்றி, அதன் கைகள் கழுத்தைக் கட்டிக்கொள்ள, கால்களை இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வருவதற்குத் தமிழில் உப்புமூட்டை என்று பெயர். 'உப்புமூட்டை தூக்கு' என்றால் நான்கு வயதுப் பிள்ளைக்கும் புரியும். தூக்கியவர் 'உப்பு வாங்கலையோ உப்பு' என்று கூவிக்கொண்டே நடப்பார். அடுக்களையில் இருப்பவர் 'படி என்ன விலை?' என்பார். பேரம் படியாது. மூட்டை சிரித்துக்கொண்டே திண்ணைக்குப் போகும். இன்று அறுபது வயதைக் கடந்தவர்கள் தம் பிள்ளைப் பருவத்தைப் பற்றி எழுதினாலும் பேசினாலும் பல்லாங்குழி, பாண்டி, பம்பரம் என்ற வரிசையில் உப்புமூட்டையும் வந்துவிடுகிறது. கூடவே ஒரு சித்திரமும் வருகிறது: நெல் சொந்த வயலில் விளைந்தது, பால் தொழுவத்தில் கறந்தது, எண்ணெய் ஊர்ச் செக்கில் ஆடியது, எதற்கும் வெளியாரிடம் கையேந்த வேண்டியிருக்கவில்லை. முன் தலைமுறையின் வாழ்வைத் தன்னிறைவான வாழ்வாகக் காட்டும் அந்தச் சித்திரத்தை, அதே தலைமுறை விளையாடிய விளையாட்டின் பெயரே மறுக்கிறது என்பதுதான் இக்கட்டுரையின் வாதம். நெல் மூட்டை, பருத்தி மூட்டை, மிளகாய் மூட்டை என்று எத்தனையோ மூட்டைகள் இருக்க, வாசல்தோறும் கூவி விற்கப்பட்ட மூட்டையாகக் குழந்தைகளுக்கு உப்பு மட்டும் ஏன் தோன்றியது என்று கேட்டால் போதும். விடை நம்மை மரக்காணத்து உப்பளங்களுக்கும் அங்கிருந்து உள்நாட்டுக்குப் போன வழிகளுக்கும் கொண்டுபோய் நிறுத்தும்.

முதலில் சொல்லை உறுதிசெய்துகொள்ள வேண்டும். அதன் பிற்பகுதியில் சிக்கல் இல்லை. பழந்தமிழில் மூடை என்ற வடிவம் உண்டு. முசிறித் துறையில் குவிந்த மிளகைப் பேசும் புறநானூறும், காவிரிப்பூம்பட்டினத்துச் சரக்குகளைப் பேசும் பட்டினப்பாலையும் அச்சொல்லை ஆள்கின்றன. மூட்டுதல் என்றால் பொருத்துதல், தைத்தல். வாய் தைத்துக் கட்டியது மூட்டை. முற்பகுதியில்தான் ஐயத்துக்கு இடமுண்டு. ஆட்டத்தில் கணக்கில் சேராமல் பெயருக்குச் சேர்த்துக்கொள்ளப்படும் சிறு பிள்ளையை 'உப்புக்குச் சப்பாணி' என்கிறோம். அதன் பொருளைப் பார்த்தால் 'ஒப்புக்குச் சப்பாணி' என்பதே பொருந்துகிறது. பிள்ளைகளின் வாயில் ஒப்பு உப்பாகத் திரிய முடியுமென்றால், உப்புமூட்டையிலும் அப்படி ஏதோ திரிந்திருக்கலாம் என்று ஒருவர் கேட்கலாம். உப்புதல் என்றால் வீங்குதல். ஆகவே 'உப்பிய மூட்டை' என்ற பொருளில் அமைந்த வினைத்தொகை இது என்று இன்னொருவர் இலக்கணம் காட்டலாம். இரண்டும் தள்ளிவிடக்கூடிய கேள்விகள் அல்ல. ஆனால் இரண்டுக்கும் ஆட்டமே பதில் சொல்கிறது. விளையாடுகிறவர்கள் கூவுவது விற்பனைக் குரல், கேட்கப்படுவது விலை. வீங்கிய மூட்டைக்கோ ஒப்புக்கு வைத்த மூட்டைக்கோ படிக்கு இவ்வளவு என்று விலை கேட்க மாட்டார்கள். தெலுங்கிலும் கன்னடத்திலும் இதே விளையாட்டுக்கு உப்பையும் மூட்டையையும் சேர்த்தே பெயர் வழங்குவது இன்னொரு சான்று. தமிழில் மட்டும் நேர்ந்த ஒலித்திரிபு அவ்வளவு தூரம் பரவியிருக்க வாய்ப்புக் குறைவு. மூன்று மொழி பேசும் மக்களும் ஒரே காட்சியைக் கண்டு ஒரே பெயர் வைத்திருக்கிறார்கள் என்று கொள்வதே எளிது.

அந்தக் காட்சி எங்கே காணப்பட்டது? உப்பு விளையும் இடத்தில் என்றுதான் உடனே சொல்லத் தோன்றும். மரக்காணம் அதைச் சோதித்துப் பார்க்க ஏற்ற இடம். விழுப்புரம் மாவட்டக் கடற்கரையில், கழுவெளி ஏரிக்கும் கடலுக்கும் அருகே, பக்கிங்காம் கால்வாயின் தென்கோடியில் பரந்து கிடக்கும் இந்த உப்பளங்கள் தமிழ்நாட்டில் தூத்துக்குடிக்கும் வேதாரண்யத்துக்கும் அடுத்துச் சொல்லப்படுபவை. மார்கழி கழிந்து மழை ஓய்ந்ததும் களிமண் தரையை மிதித்துக் கெட்டிப்படுத்திப் பாத்தி கட்டுகிறார்கள். உப்புநீரைத் தேக்கிப் பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் சுண்டவிடுகிறார்கள். நீரின் அடர்த்தியை அளக்கும் போமே அளவுகோலில் 3 டிகிரியை ஒட்டி இருக்கும் கடல்நீர் சுண்டிச் சுண்டி 25 டிகிரியை நெருங்கும்போது உப்பு படியத் தொடங்குகிறது. நீண்ட காம்புள்ள பலகையால் அதை வாரி வரப்பில் ஒதுக்கி, கூடையில் அள்ளித் தலையில் வைத்து, ஒற்றையடி வரப்பின்மேல் நடந்து மேட்டில் அம்பாரமாகக் குவிக்கிறார்கள். வடகிழக்குப் பருவமழை வரும்வரை இதுதான் வேலை. அளம், பாத்தி, வாருதல், அம்பாரம் என்று இந்தத் தொழிலுக்குரிய சொற்களை அடுக்கிப் பார்த்தால் அவற்றில் முதுகும் இல்லை, கூவலும் இல்லை. வாரிய ஈர உப்பு திறந்த கூடையில், தலைச்சுமையாக, சிறிது தூரமே போகிறது. குறுகிய வரப்பில் நிலை தவறாமல் நடக்கத் தலைச்சுமையே ஏற்றது. ஆகவே முதுகில் தொங்கும் மூட்டை அளத்துக் காட்சி அல்ல. உப்பு உலர்ந்து, அளந்து, கட்டப்பட்டு, கடற்கரையை விட்டுக் கிளம்பிய பிறகுதான் அது மூட்டையாகிறது. உப்புமூட்டை என்ற பெயரை உப்பு விளைவித்த ஊர்களைவிட, உப்பு வரவேண்டிய ஊர்களே படைத்திருக்க வேண்டும்.

உப்பு வந்த வழியைச் சங்க நூல்கள் விரிவாகவே காட்டுகின்றன. மரக்காணத்துக்கு அவற்றில் தனி உரிமையும் உண்டு. ஓய்மாநாட்டு நல்லியக்கோடனைப் பாடிய சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் மரக்காணமே என்று ஆய்வாளர் பலர் கருதுவர். அந்த நூலைப் பாடிய நத்தத்தனாரின் ஊர் இடைக்கழிநாட்டு நல்லூர். இடைக்கழிநாடு என்ற பெயர் மரக்காணத்துக்குச் சற்று வடக்கே இன்றும் பேரூராட்சியின் பெயராக இருக்கிறது. கழிகளுக்கு இடைப்பட்ட நாட்டில் வாழ்ந்த புலவருக்கு உப்பு வணிகம் பழகிய காட்சியாகவே இருந்திருக்கும். கொற்கையைப் பாட வரும் இடத்தில் அவர் உப்பு வணிகரான உமணரின் வண்டி வரிசையைக் கொண்டுவருகிறார். அவ்வண்டிகளோடு வந்த மந்தி ஒன்று, முத்தைக் கிளிஞ்சிலுக்குள் இட்டுக் கிலுகிலுப்பையாக்கி, உமணப் பெண்களான உமட்டியரின் பிள்ளைகளோடு ஆடுகிறது. உப்பும் பிள்ளை விளையாட்டும் சேர்ந்து வரும் மிகப் பழைய தமிழ்க் காட்சிகளில் இது ஒன்று. ஆனால் அங்கே விளையாடுவது உப்பு விற்பவரின் பிள்ளைகள். நம் உப்புமூட்டையில் விளையாடுவது உப்பு வாங்குபவரின் பிள்ளைகள். அந்த வாங்குகிற தெருவை அம்மூவனார் அகநானூற்றின் 140ஆம் பாட்டில் காட்டுகிறார்: உப்புக்கு மாற்றாக நெல்லைக் கேட்டு உமணர் மகள் சேரியில் விலை கூவ, பழகாத குரலைக் கேட்ட வீட்டு நாய் குரைக்கிறது. நாய் குரைக்கிறதென்றால் வந்தவள் அந்த ஊரைச் சேர்ந்தவள் அல்ல. நற்றிணை 183ஆம் பாட்டும் உமணர் தம் நாட்டு நெல்லைக் கொடுத்து வாங்கிவரும் உப்பை வேற்று நாட்டுப் பொருளாகவே சொல்கிறது. வழியில் அச்சு முறிந்தால் மாற்றுவதற்கு உமணர் வண்டிக்கடியில் சேம அச்சு கட்டிக்கொண்டு போனதை ஔவையார் புறநானூற்றில் உவமையாக்குகிறார். மாற்று அச்சு இல்லாமல் கிளம்ப முடியாத அளவுக்கு நெடிய பயணம் அது. வெளியாள், கூவல், பண்டமாற்று, நெடுவழி என்ற நான்கும் அன்றே இருந்தன. முதுகுதான் இன்னும் வரவில்லை.

முதுகு எப்போது வந்தது? வண்டிக்கு வழி வேண்டும். மலைச்சரிவிலும் மழைக்காலச் சேற்றிலும் உள்ளடங்கிய ஊர்களிலும் வண்டி நுழையாது. அங்கெல்லாம் பொதிமாடும் கழுதையும்தான் உப்பைக் கொண்டுபோயின. தக்காணம் முழுதும் பொதிமாட்டு மந்தைகளோடு அலைந்த லம்பாடிகளின் பெயரையே உப்பைக் குறிக்கும் லவணம் என்ற சொல்லோடு இணைத்துப் பார்ப்பவர் உண்டு. தமிழ், தெலுங்கு நாடுகளில் கடற்கரை உப்பை உள்நாட்டுக்கும், உள்நாட்டுத் தானியத்தைக் கடற்கரைக்கும் மாற்றிக்கொண்டிருந்த குறவர்களில் ஒரு பிரிவினருக்கு உப்புக்குறவர் என்றே பெயர் வழங்கியது. எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய தொகுதிகளும் இவர்களைக் குறிக்கின்றன. 'விளையாட்டில் சுமப்பவர் மனிதர் அல்ல, கழுதையோ மாடோதான். பிள்ளை அதன்மேல் ஏற்றிய பொதி' என்று இதை வைத்து ஒருவர் வாதிடலாம். ஆனால் விலங்கின்மேல் பொதி இரு பக்கமும் சமமாகத் தொங்கும். ஒற்றை மூட்டையை முதுகின் நடுவில் ஏற்றினால் சரிந்துவிடும். ஆனை ஏறுதல், குதிரை ஏறுதல் என்ற ஆட்டங்களில் சுமப்பவர் நான்கு காலில் தவழ்கிறார், பிள்ளை சவாரி செய்கிறது. உப்புமூட்டையில் சுமப்பவர் இரண்டு காலில் நடக்கிறார். பிள்ளை சவாரி செய்வதில்லை, தொங்குகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, சுமப்பவரே கூவுகிறார். மாடும் கழுதையும் கூவி விற்பதில்லை. சந்தை வரை பொதியில் வந்த உப்பை அங்கிருந்து ஊருக்குள், வீட்டு வாசல் வரை, தன் முதுகில் கொண்டுவந்த சில்லறை வியாபாரியைத்தான் இந்த விளையாட்டு நடித்துக் காட்டுகிறது. உப்பின் நெடும்பயணத்தில் குழந்தைகள் பார்த்தது அந்தக் கடைசித் துண்டை மட்டுமே. பெயரும் அதற்கே ஒட்டியது.

இனி தன்னிறைவு என்ற சித்திரத்துக்கு வருவோம். அதைப் பாட்டி தாத்தாக்கள் மட்டும் வரையவில்லை. 1830இல் சார்லஸ் மெட்காஃப் என்ற ஆங்கில அதிகாரி இந்திய கிராமங்களைத் தமக்கு வேண்டிய ஏறக்குறைய அனைத்தையும் தமக்குள்ளேயே கொண்ட சிறு குடியரசுகளாக வருணித்தார். பின்வந்த பலர் அதை நம்பினர். தேசிய இயக்கத்தின் ஒரு பகுதியும் அதைப் பெருமையாக எடுத்துக்கொண்டது. அந்த 'ஏறக்குறைய' என்ற சொல்லுக்குள் உப்பு ஒளிந்திருக்கிறது. துணியை ஊரில் நெய்யலாம், பானையை ஊரில் வனையலாம், இரும்பை ஊர்க் கொல்லர் அடித்துத் தரலாம். கடலை மட்டும் ஊருக்குள் வைத்துக்கொள்ள முடியாது. பத்து வேலி நிலம் உள்ளவரும் கூலிக்காரரும் ஒரே வியாபாரியை எதிர்பார்த்து நிற்க வேண்டிய பண்டம் உப்பு. இதற்குப் பொருத்தமான மறுப்பு ஒன்று உண்டு: உள்நாட்டிலும் உவர்மண்ணைக் கரைத்து, வடித்து, காய்ச்சி உப்பு எடுத்தார்களே என்பது. உண்மை, சென்னை மாகாணத்தின் உலர்ந்த மாவட்டங்களில் மண்ணுப்பு எடுப்பவர்கள் இருந்தார்கள். ஆனால் உவர்நிலம் எல்லா ஊரிலும் இல்லை. அந்த உப்பில் பிற காரங்களும் கலந்து கசப்பேறும். கடலுப்பு கிடைத்த இடத்தில் அதையே மக்கள் நாடினர். கடலுப்பு வணிகத்தைக் காக்க ஆங்கில அரசு மண்ணுப்பை ஒடுக்கிய பிறகு அந்தச் சிறு வாயிலும் அடைபட்டது. ஆகவே மண்ணுப்பு இருந்ததால் உப்புமூட்டைக்குத் தேவை இருக்கவில்லை என்று சொல்ல முடியாது. ஊரார் எவ்வளவு சிரமப்பட்டாவது வெளியாரைச் சாராமல் இருக்க முயன்ற ஒரே இடமும் உப்புதான் என்பதையே அது காட்டுகிறது.

இந்தச் சார்பை அரசுகள் முதலிலேயே கண்டுகொண்டன. சோழர் கால வரிகளில் உப்பாயம் என்ற பெயர் கல்வெட்டுகளில் வருகிறது. கிழக்கிந்தியக் கம்பெனி 1805இல் சென்னை மாகாணத்து உப்பைத் தன் ஏகபோகமாக்கிக்கொண்டது. 1889இல் சென்னை உப்புச் சட்டம் வந்தது. உப்பை விளைவிப்பதும் குவிப்பதும் கொண்டுபோவதும் உப்பிலாகாவின் கண்காணிப்பில் நடந்தன. வழியும் மாறியது. சென்னையிலிருந்து தெற்கே மரக்காணம் வரை நீண்ட பக்கிங்காம் கால்வாயில் படகுகள் உப்பையும் விறகையும் ஏற்றிப் போயின. 1856இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை தொடங்கிய இரயில் பாதை படிப்படியாக உள்நாட்டின் பெரிய சந்தைகளை எட்டியது. படகும் இரயிலும் ஏற்றிப்போன உப்பெல்லாம் முன்பு யாரோ ஒருவருடைய மாட்டின்மேல் போயிருக்க வேண்டிய உப்பு. அரசின் உப்புக் கொள்கையும் இரயிலும் சேர்ந்து குறவர் போன்ற அலைகுடி வணிகரின் பிழைப்பை எப்படி முறித்தன என்பதையும், பிழைப்பிழந்து அலைந்தவர்களே பின்னர் குற்றப்பரம்பரை என்று முத்திரை குத்தப்பட்டதையும் வரலாற்றாய்வாளர் மீனா ராதாகிருஷ்ணா 2001இல் வெளிவந்த தம் நூலில் விரிவாகக் காட்டியிருக்கிறார். சென்னை மாகாணத்துக்கு 1911இல் விரிவாக்கப்பட்ட குற்றப்பரம்பரைச் சட்டம் இங்கே 1947இலும் நாடு முழுதும் 1952இலும் நீக்கப்பட்டது. ஊர்ப் பிள்ளைகள் உப்புமூட்டை ஆடிக்கொண்டிருந்த காலத்திலேயே, உப்பு சுமந்து ஊருக்குள் வந்த ஒரு கூட்டத்தாரில் பலர் காவல் நிலையத்தில் கைநாட்டு வைத்துக்கொண்டிருந்தார்கள். பெயர் விளையாட்டில் தங்கியது. பெயருக்கு உரியவர்கள் நினைவிலிருந்து நழுவினார்கள்.

உப்பைப் பற்றிய நினைவுகளுக்குக் காலம் குறிக்கவும் இந்த வரலாறு உதவுகிறது. மளிகைக் கடைக்காரர் இரவில் கடையைப் பூட்டிக்கொண்டு போகும்போது உப்பு மூட்டைகளை வாசலிலேயே விட்டுப் போவார், யாரும் ஒரு கல் உப்பைத் தொட மாட்டார்கள் என்பது முதியவர் பலரும் சொல்லும் செய்தி. அந்தக் காலத்து மக்களின் நேர்மைக்கு அது சான்றாகக் காட்டப்படுகிறது. செய்தி பொய் அல்ல. ஆனால் அதிலிருந்து எடுக்கும் முடிவு ஆராயத்தக்கது. உப்பு ஈரத்தை இழுத்து நீர் கசியும். பக்கத்திலுள்ள பருப்பையும் சீனியையும் கெடுக்கும். கடையின் இரும்பைத் துருவேற்றும். ஆகவே அதை வெளியே வைப்பதில் கடைக்காரருக்கு ஆதாயம் உண்டு. திருடுபவருக்கோ சுமைக்குத் தக்க விலை கிடைக்காது. இதைவிட முக்கியம், எந்தக் காலத்தில் என்பது. உப்பு வரி 1947 ஏப்ரல் 1 முதல் நீக்கப்பட்டது. அதற்கு முன் அளத்தில் குவிந்த உப்புக்குக் காவல் இருந்தது. கடற்கரையில் தானாகப் படிந்த உப்பை ஒரு பிடி அள்ளுவதும் குற்றம். 1930 ஏப்ரல் 13இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து இராஜாஜி தலைமையில் ஏறக்குறைய நூறு தொண்டர்கள் நடக்கத் தொடங்கி, அம்மாத இறுதியில் வேதாரண்யத்தில் உப்பு அள்ளிச் சிறை போனது அதற்காகத்தான். கேட்பாரற்றுத் தெருவில் கிடந்த உப்பு, வரி ஒழிந்த பின் உப்பு மலிந்த சில பத்தாண்டுகளுக்கே பொருந்தும் காட்சி. அதை 'முன்பெல்லாம்' என்று காலமற்றதாகச் சொல்லும்போது, உப்புக்குக் காவல் நின்ற தலைமுறையின் வாழ்க்கை நினைவிலிருந்து அழிந்துபோகிறது. காந்தி ஏன் உப்பைத் தேர்ந்தெடுத்தார் என்பதும் அப்போது விளங்காமல் போகும். எல்லா ஊரும் எல்லாவற்றிலும் தன்னிறைவு பெற்றிருந்தால் உப்பு வரி எந்த வீட்டையும் சுட்டிருக்காது. ஒவ்வொரு வீடும் வெளியிலிருந்து வாங்கியே தீர வேண்டிய பொருள் என்பதால்தான் அதன்மேல் விழுந்த வரி எல்லா வீட்டுக்குள்ளும் நுழைந்தது. 1931 மார்ச்சில் கையெழுத்தான காந்தி இர்வின் ஒப்பந்தம், உப்பு விளையும் இடங்களை ஒட்டிய ஊர்களில் வாழ்பவர்கள் தம் வீட்டுக்கும் தம் ஊருக்குள் விற்பதற்கும் உப்பு எடுத்துக்கொள்ள இடம் தந்தது. மரக்காணம் போன்ற கரையோர ஊர்களுக்குக் கிடைத்த அந்தச் சலுகை உள்நாட்டுக்குப் பயன்படவில்லை. உள்நாடு அப்போதும் மூட்டைக்குத்தான் காத்திருந்தது.

விளையாட்டுப் பெயர் ஒன்றின்மேல் இவ்வளவு பாரத்தை ஏற்றலாமா என்ற கேள்வி எழும். குழந்தைகள் பொருளாதாரம் பார்த்துப் பெயர் வைப்பதில்லை. கண்ணில் பட்டதை நடிக்கிறார்கள். ஆம், அதனால்தான் அவர்கள் வைத்த பெயர் நம்பத்தக்கது. பெரியவர்கள் எழுதும் நினைவுக் கட்டுரை, எதைச் சொன்னால் பெருமை என்று தெரிந்து எழுதப்படுகிறது. விளையாட்டுக்கு அந்த நோக்கம் கிடையாது. அடிக்கடி பார்த்தது, விந்தையாகத் தோன்றியது, நடித்தால் எல்லாருக்கும் புரிவது என்ற மூன்று நிபந்தனைகளையும் நிறைவேற்றினால்தான் ஒரு காட்சி விளையாட்டாகும். நெல் மூட்டையையும் பிள்ளைகள் பார்த்திருந்தார்கள். ஆனால் அறுவடைக் காலத்தில் வண்டியேறி வரும் நெல்லை யாரும் வாசல்தோறும் கூவி விற்கவில்லை, இருப்பவர் வீட்டுக்குப் போனது, இல்லாதவர் வீட்டுக்குப் போகவில்லை. உப்பு மட்டும் ஆண்டு முழுதும் எல்லார் வாசலுக்கும் வந்தது. ஆகையால் உப்புமூட்டை என்ற பெயர், உப்பு வியாபாரி ஊரெங்கும் பழகிய உருவமாக இருந்தார் என்பதற்குச் சான்று. இந்த ஒன்றுக்கு மேல் அச்சொல்லிடம் எதையும் கேட்கக்கூடாது. அவர் எந்தச் சாதி, எந்த நூற்றாண்டு, எவ்வளவு சம்பாதித்தார் என்பதைச் சொல் சொல்லாது. அவற்றைப் பிற ஆவணங்களிடம்தான் கேட்க வேண்டும். சங்க நூல்களில் மூடையும் உண்டு, உமணரும் உண்டு என்பதால் இந்த விளையாட்டும் ஈராயிரம் ஆண்டுப் பழமையானது என்று முழங்குவதும் தவறு. பழமையானது உப்பின் பயணம். விளையாட்டின் பெயர் அந்தப் பயணத்தின் ஏதோ ஒரு பிற்காலக் கட்டத்தில் பிறந்தது.

இன்னொரு மறுப்பு மென்மையானது, ஆனால் வலுவானது. முதியவர்கள் தம் இளமையை இனிமையாக நினைத்துக்கொண்டால் யாருக்கு என்ன நட்டம், அதில் போய்க் கணக்குப் பார்ப்பானேன் என்பது. இனிமையில் யாருக்கும் வழக்கில்லை. தந்தையின் முதுகில் தொங்கிய சுகம் உண்மையானது; அதை எந்த வரலாறும் பறிக்க முடியாது. சிக்கல், அந்தச் சுகத்திலிருந்து ஒரு சமூகக் கொள்கையை வடித்தெடுக்கும்போது வருகிறது. 'அந்தக் காலத்தில் யாரையும் நம்பியிராமல் வாழ்ந்தோம்' என்ற வாக்கியத்துக்குள், நம்பியிருந்த அத்தனை பேரும் காணாமல் போய்விடுகிறார்கள்: அளத்தில் கால் வெடிக்க நின்றவர்கள், படகு வலித்தவர்கள், மாடு ஓட்டியவர்கள், மூட்டை சுமந்து கூவியவர்கள். ஆண்டின் பாதிக்கு மேல் உச்சி வெயிலில் உப்பு வாரும் மரக்காணத்துத் தொழிலாளர்களுக்கு அந்த வாக்கியத்தில் இடமே இல்லை. மழைக்காலத்தில் அளத்து வேலை நின்றால் அவர்கள் வேறு கூலி தேட வேண்டியிருப்பது, உப்பு வாங்கிய ஊர்களின் நினைவுக் கட்டுரைகளில் வருவதில்லை. நினைவு பொய் சொல்கிறது என்பதல்ல குற்றச்சாட்டு. அது வீட்டு வாசலோடு நின்றுவிடுகிறது. வாசலுக்கு வந்த ஆள் எங்கிருந்து வந்தார் என்று கேட்பதில்லை. விளையாட்டின் பெயர் அந்த ஆளைக் கைவிடாமல் வைத்திருக்கிறது. இவ்விரண்டில் எதை நம்பி ஒரு தலைமுறையின் வாழ்க்கையை எழுதுவது என்றால், பெயரையே முதலில் நம்பலாம்.

இன்று பொருள் மாறிவிட்டது, பெயர் மாறவில்லை. 2006 மே மாதம் முதல், உணவுக்கு நேரடியாகப் பயன்படும் உப்பில் அயோடின் சேர்த்தே விற்க வேண்டும் என்ற விதி நாடு முழுதும் நடைமுறைக்கு வந்தது. முன்கழுத்துக் கழலையைத் தடுக்க வந்த நல்ல விதி அது. கூடவே, படியால் அளந்து விற்ற தெரு வியாபாரிக்கு மிச்சமிருந்த இடத்தையும் பொட்டலம் எடுத்துக்கொண்டது. பெயர்கள் பொருளைத் தாண்டி வாழ்வது உப்புக்குப் புதிதல்ல. மரக்காணத்துக்குத் தெற்கே புதுச்சேரியில் உப்பளம் என்ற பகுதி இருக்கிறது; இன்று அங்கே போகிறவர் பார்ப்பது விளையாட்டரங்கத்தை. ஆனால் மரக்காணத்தில் உப்புமூட்டை இன்னும் உவமை ஆகிவிடவில்லை. அம்பாரத்திலிருந்து அள்ளி, சாக்கில் கட்டி, வாய் தைத்து, லாரியில் ஏற்றும் தொழிலாளர்களுக்கு அது அன்றாடக் கூலிக் கணக்கு. ஒரே சொல், உள்நாட்டு வீடுகளில் விளையாட்டாகவும் கடற்கரையில் வேலையாகவும் ஒரே வேளையில் வழங்குகிறது. முன் தலைமுறையின் வாழ்வைத் தொகுக்க விரும்புகிறவர்கள் இதிலிருந்து ஒரு முறையைக் கற்றுக்கொள்ளலாம். 'உங்கள் காலத்தில் வீட்டில் என்னென்ன விளைந்தது?' என்ற கேள்விக்கு எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். 'விளையாதது எது, அதை யார் கொண்டுவந்தார், அவருக்கு என்ன கொடுத்தீர்கள், அவர் இரவு எங்கே தங்கினார்?' என்று கேட்டால் ஊருக்கு ஊர் வேறு பதில் வரும். அந்தப் பதில்களைச் சேர்த்தால், ஊர்களின் தனித்தனி வரலாறுகளுக்குப் பதிலாக அவற்றை இணைத்த வழிகளின் வரலாறு கிடைக்கும். அதை எழுதும்போது முதல் அத்தியாயத்தில் உப்பு சுமந்தவர் வர வேண்டும். சுமக்கப்பட்ட பிள்ளை இரண்டாவது அத்தியாயத்தில் வந்தால் போதும்.